36 அடிப் பீலியும் என் இரண்டு கிழமை வீம்பும்

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம் முக்கால் மணித்தியாலம் நல்ல மழை. குடையும் பிடிக்காமல் பின் வளவில் நின்று பார்த்தேன். 2000 லீற்றர் தாங்கிக்குள் வந்தது ஒரு சாண் உயரத் தண்ணீர். மிச்சமெல்லாம் குசினி ஜன்னலுக்கு நேரே, கூரைத் தண்ணீரைத் தாங்கிக்குக் கொண்டுபோக ஓட்டு விளிம்பில் நான் பூட்டிய பீலியின் நடுவிலிருந்து திரைச்சீலை மாதிரி விழுந்து, மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டது. மழை விட்ட பிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், நடுப் பீலியில் ஒரு அங்குலம் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வளவு மாமா கேட்டார்: "தம்பி, இது மழைத் தண்ணி பிடிக்கிற பீலியோ, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியோ?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் ஓடுவதற்கான சரிவை, அதாவது வாட்டத்தை, சரியாகத்தானே வைத்தேன்! 36 அடிக்கு 2 அங்குலம், ஏறக்குறைய 200க்கு 1. மேல் முனையில் ஒரு குறி, தாங்கிப் பக்க முனையில் 2 அங்குலம் கீழே ஒரு குறி, இடையில் பீலியைத் தாங்குகிற பிறக்கட் ஒவ்வொன்றுக்கும், ஓட்டு விளிம்போடு ஓடுகிற வலன்ஸ் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து அளந்து கணக்குப் போட்டுப் பூட்டினேன். பிழை அந்தப் பலகையில் இருந்தது. அப்பா கட்டிய வீடு. ஓட்டுப் பாரத்தில் கைமரங்கள் நடுவில் இறங்கி, வலன்ஸ் பலகையும் கூடவே இறங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. 2 அடி மட்டக்கோலை அங்கங்கே வைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. 36 அடி நீளத்துக்கு 2 அடி மட்டக்கோலை நம்பியது என் முட்டாள்தனம்.

அப்புறம்தான் தண்ணீர் மட்டக் குழாய்க்கு வந்தேன். மேசன்மார் வைத்திருக்கிற, உள்ளே தெரிகிற அதே பிளாஸ்ரிக் ரியூப்தான், 45 அடி வாங்கினேன். தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்து வரவேயில்லை. ஒரே இடத்தை மூன்று முறை அளந்தால் மூன்று விடை. ரியூப்பின் வளைவு ஒன்றில் உளுந்தளவு காற்றுக் குமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். வாளியை உயரத்தில் வைத்து, உறிஞ்சி இழுத்து, குமிழ் முழுவதும் போகும் வரை ஓட விட வேண்டும். வாளித் தண்ணீரில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் இரண்டு துளி விட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும், குமிழும் ஒளிந்துகொள்ள முடியாது. உறிஞ்சிய பிறகு என் பல்லும் நீலம், அது வேறு கதை. இன்னொன்று, இந்த வேலையைக் காலையிலேயே முடிக்க வேண்டும். ரியூப்பின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் மட்டம் கொஞ்சம் விளையாடுகிறது.

இரண்டு அடிக்கு ஒரு குறி வைத்து அளந்து, கொப்பியில் எழுதிக் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு முனை 0, மறு முனை கால் அங்குலம் கீழே, நடுவில் இரண்டேகால் அங்குலம் கீழே. வளைந்த தோணி மாதிரி ஒரு படம்.

புத்தியுள்ளவன் அதைப் பார்த்தவுடனேயே விளங்கிக்கொண்டிருப்பான். நான் அதற்குப் பிறகும் ஒரு கிழமை பலகையோடு மல்லுக்கட்டினேன். நடுவில் பீலியை உயர்த்தினால் அங்கே தாழ்ந்து நிற்கும் ஓட்டு விளிம்பு பீலிக்குள் இடிக்கிறது. இடிக்காமல் முழுப் பீலியையும் இறக்கினால், இரண்டு முனையிலும் ஓட்டுக்கும் பீலிக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. வாடைக் காற்றுத் தொடங்கினால் அந்த இடைவெளியில் வருகிற தண்ணீர் பீலியைத் தாண்டிச் சுவரில்தான் அடிக்கும். தகரம் மடித்துச் செருகலாம் என்று இரண்டு தகடும் வாங்கிவிட்டேன். அவை இப்போது கோழிக் கூட்டுக்குக் கூரை.

சரி, வீடு நடுவில் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் தண்ணீரையும் நடுவிலேயே இறக்கினால் என்ன? அவ்வளவுதான் விஷயம். பீலியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் இறங்குகிற வாயை முனையிலிருந்து நடுவுக்கு மாற்றினேன். முன்பு இருந்த முனைக்கு மூடி. இப்போது இரண்டு பக்கமும் 18 அடிதான் ஓட்டம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றரை அங்குல வாட்டம். ஒவ்வொரு பக்கமும் பாதிக் கூரைத் தண்ணீரை மட்டும் சுமந்தால் போதும் என்பதால் அதே 5 அங்குலப் பீலி தாராளமாகத் தாங்கும். பின் கூரை ஏறத்தாழ 50 சதுர மீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டினால் செக்கனுக்கு 1.4 லீற்றர். 90 மில்லிமீற்றர்க் குழாய்க்கு அது பெரிய வேலையில்லை.

பலகை வளைவாக இறங்கியிருக்கிறது, பீலி நேராக இறங்க வேண்டும். அதனால் இந்த முறை பலகையைப் பார்க்கவேயில்லை. முனையிலிருந்து நடுவுக்குத் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) இழுத்துக் கட்டி, அதைத் தொட்டும் தொடாமலும் பிறக்கட் வைத்தேன். சணல் கயிறு தொய்யும். மாமா கொடுத்த தடித்த தங்கூசி, விரலால் தட்டினால் ரீங்காரம் வரும் அளவுக்கு இறுகியது. பிறக்கட்டையும் 3 அடிக்கு ஒன்று என்றிருந்ததை 2 அடிக்கு ஒன்றாக்கிவிட்டேன். 2020 டிசம்பரில் புரேவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறிய இரவில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் கேட்ட காற்றை நினைத்தால் இன்னும் நெருக்கமாகவே போடலாம்.

திருகாணி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து நடந்து போகிற தூரம். சாதாரண துத்தநாகம் பூசிய திருகாணி இரண்டு மாரிக்கு மேல் தாக்குப் பிடிப்பதில்லை. தலை உதிர்ந்து பலகையில் செங்கறை வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு ரவுணுக்குள் நான்கு ஹாட்வெயார் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் அதுதான் என்று தந்ததைக் காந்தத்தில் வைத்தால் பாய்ந்து ஒட்டியது. கடைசியில் வள்ளத்துக்குச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏணி ஏற எனக்கு முழங்கால் இல்லை.

பீலி மூட்டுகளையும் முதல் தடவை பிழையாகத்தான் செய்தேன். எல்லாவற்றையும் கம் போட்டு ஒட்டிவிட்டேன். பிவிசி வெயிலில் நீளும். 36 அடிக்கு, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 25 பாகை வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். மத்தியானம் கூரையில் டக் டக்கென்று சத்தம் கேட்டு, பூனை என்று நினைத்து விரட்டப் போனேன். மூன்றாம் நாள் ஒரு மூட்டு வாய் பிளந்தது. இப்போது நடு வாய் மட்டும் அசையாமல் பூட்டு, மற்ற மூட்டுகள் ரப்பர் வைத்த வகை. பிறக்கட்டுக்குள் பீலி வழுக்கிப் போய் வர இடம் இருக்கிறது.

நடுவில் இறக்கியதால் வந்த புதுத் தலையிடி, குழாய் குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் இறங்கி, சுவரோடு 18 அடி படுக்கையாகப் போய்த்தான் தாங்கியைப் பிடிக்க வேண்டும். "வீட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றிற மாதிரி இருக்கு" என்கிறார் மனைவி. சுவர் நிறத்தில் பெயின்ற் அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடித்தால் வெயிலுக்கும் நல்லது.

முதல் மழையைக் கழிக்கிற குழாய் இன்னும் பூட்டவில்லை. கச்சான் காற்று அடித்த மாதங்களில் ஓட்டில் படிந்த புழுதி, காகத்தின் அசிங்கம், வேப்பஞ் சருகு எல்லாம் முதல் தண்ணீரோடுதான் வரும். சதுர மீற்றருக்கு அரை லீற்றர் என்று வைத்தால் 25 லீற்றர் கழிய வேண்டும். 110 மில்லிமீற்றர்க் குழாயில் மீற்றருக்கு எட்டரை லீற்றர்தான் பிடிக்கும், 3 மீற்றர் நிறுத்த எங்கள் சுவரில் உயரமில்லை. 160இல் ஒன்றரை மீற்றர் போதும். துண்டுக் குழாய் தரக்கூடிய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், முழு நீளமாக வாங்கினால் கட்டாது. அடியில் சொட்டு விட ஒரு சின்ன ஓட்டை வைக்க வேண்டும். ஆனால் இரவில் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற மான்கள் அந்த ஈரத்துக்குப் பழகிவிட்டால் மனைவியின் கீரைப் பாத்தி கதை முடிந்தது.

அடுத்த திட்டம் கிணறு. 50 மில்லிமீற்றர் பெய்தாலே 2000 லீற்றர் தாங்கி நிறைந்துவிடும். வருடத்துக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் பெய்கிற ஊர் இது, அதிலும் பெரும் பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில். கணக்குப் பார்த்தால் இந்த ஒரு கூரையில் மட்டும் 60 ஆயிரம் லீற்றருக்கு மேல். நிரம்பி வழிவதை வடிகட்டிக் கிணற்றுப் பக்கம் விட்டால், ஆவணியில் தேநீரில் தெரிகிற உப்புச் சவர் கொஞ்சமாவது குறையுமா என்று பார்க்க ஆசை. குழாய்த் தண்ணீர் கந்தளாயிலிருந்து வருகிறதுதான், ஆனால் அது நிற்கிற நாளில் கிணறுதான் கதி.

நேற்று வாளியால் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாளி. வேப்பஞ் சருகு ஒன்றையும் மிதக்க விட்டேன். தயங்காமல் வந்து வாயில் சுழன்று விழுந்தது. பீலியைக் கையால் தடவினால் ஈரம் மட்டும்தான். தாங்கிப் பக்கத்துப் பழைய முனை மூடியில் மாத்திரம் ஒரு கசிவு, நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு. மாமா வேலிக்கு மேலால் எட்டி அதைத்தான் முதலில் கண்டார்.