வாயு மாறிய காலம்

திருகோணமலையில் ஒரு சிறிய பட்டறையில் நான் குளிர்சாதனப் பெட்டி திருத்தப் பழகியது 1990களின் நடுப்பகுதியில். குளிரூட்டுவதற்கான ஆர்-12 வாயு நிரம்பிய பெட்டி வந்தால், குழாயை வெட்டி, உள்ளிருந்ததை முற்றத்துக் காற்றில் விட்ட பின்னரே வேலையைத் தொடங்குவோம். அவ்வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974 இலேயே எழுதியிருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் அறிந்தேன். அந்த முற்றத்தை நினைக்கும்போது இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆய்வு வெளிவந்து இருபது ஆண்டுகளாகியும் எங்கள் பட்டறைக்கு வராத மாற்றத்தைக் கொண்டுவந்தது 1987 இன் மொன்ட்ரியல் உடன்படிக்கைதான். எந்த வாயுவை எந்த ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று அது நாள் குறித்தது. வளரும் நாடுகளின் செலவுக்கென 1990 இல் ஒரு பல்தரப்பு நிதியமும் உருவானது. நாள் குறிக்கப்பட்டதால் உற்பத்தியாளர்கள் மாற்று வாயுவில் துணிந்து முதலிட்டார்கள்.

எங்களுக்கோ புதிய வாயு முதலில் வந்தது, அதைக் கையாளும் அறிவு பின்னால் வந்தது. அந்தப் புதிய ஆர்-134ஏ, கொம்பிரசரின் பழைய கனிம எண்ணெயுடன் கலவாது என்பதை அறியாமல் பழைய கொம்பிரசர்களில் அதை நிரப்பினோம். சில மாதங்களில் அவை இறுகி நின்றன. ஐசோபியூட்டேன் என்ற தீப்பற்றும் வாயு நிரம்பிய பெட்டிகள் வந்தபோது, வாயுவை முழுமையாக வெளியேற்றாத குழாயில் நான் சுடரைக் காட்டியதால் கை வெந்தது. "தம்பி, இனி இந்தப் பெட்டிக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோகாதே" என்று முதலாளி ஐயா சொன்னதைத் தவிர வேறு வழிகாட்டல் அன்று இருக்கவில்லை.

அந்த ஐசோபியூட்டேன் பெட்டியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கிறீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் முயற்சியால், முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ஓர் ஆலை அதை 1993 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காப்புரிமை கோரப்படாததால் எவரும் அதைச் செய்ய முடிந்தது. ஐரோப்பா விரைவாக ஏற்றது. தீப்பற்றும் வாயு என்ற அச்சத்தால் அமெரிக்கா வீட்டுப் பெட்டிகளுக்கு 2011 இல்தான் அனுமதித்தது. ஒரே தொழில்நுட்பத்துக்கு ஒரு கரையில் திறந்த கதவு மறு கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்ததற்குப் பாதுகாப்பு விதிகளே காரணம்.

மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, இலங்கையில் குளிரூட்டிகளுக்கான ஆர்-22 வாயுவின் பயன்பாடும் 2030 அளவில் ஏறக்குறைய முற்றாக நிற்க வேண்டும். எங்கள் கடற்கரை ஊரான நிலாவெளியின் விடுதிகளிலுள்ள குளிரூட்டிகளில் உப்புக்காற்று குழாய்களை விரைவாக அரிப்பதால், உள்நாட்டை விட இங்கே வாயுக் கசிவு அதிகம். ஆகவே வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் கருவி முதலில் கடற்கரை ஊர்களுக்கே வரவேண்டும் என்று, பயிற்சிக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் கேட்டு வருகிறேன். மூதூரிலும் கிண்ணியாவிலும் இத்தொழிலுக்கு வந்திருக்கும் இளைஞர்களிடம் வாயுவை நிறுக்கும் தராசு இருக்கிறது. அந்தக் கருவிதான் இன்னும் இல்லை.