வல்லாரைக்கு வாய்க்கால் வேண்டுமா?

சேலத்தில் எங்களுக்கு வல்லாரை என்றால் வாய்க்கால் ஓரம்தான். கசிவு நிற்கும் வரப்பை விட்டுத் தள்ளிப் போனால் கண்ணில் படாது. அம்மா தொட்டியில் வளர்த்தார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் விடவில்லை, சுருண்டுவிட்டது.

போன ஐப்பசியில் ஏற்காடு போனேன். சுமார் 1,500 மீட்டர் உயரம். காப்பித் தோட்டத்துச் சரிவில், சில்வர் ஓக் நிழலில், பக்கத்தில் ஓடையே இல்லாத இடத்தில் அதே வல்லாரை பாய் விரித்தாற்போலக் கிடந்தது! மூடுபனியும் நிழலும் மண்ணைக் காயவிடுவதில்லை, அப்புறம் வாய்க்கால் எதற்கு?

அமெரிக்காவின் ஈரநிலத் தாவரப் பட்டியல் இதனால்தான் 10 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு செடி ஈரநிலத்தில் எவ்வளவு அடிக்கடி காணப்படும் என்று அது தரம் பிரிக்கிறது; ஒரே செடிக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் அந்தத் தரம் மாறலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஒன்று, சேலத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றங்கரைக்கு ஒன்று என நமக்கும் அப்படிப் பட்டியல் வேண்டும். வல்லாரையில் நான் தொடங்கிவிட்டேன்.