மேருவின் தண்ணீர்

அருஷா சந்தையில் வாழைப்பழம் விற்கும் அக்கா சிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பற்களில் பழுப்புக் கோடுகள். அப்படியே எங்கள் பென்னாகரத்துப் பற்கள். நான் வாயைப் பொத்திச் சிரித்தே வளர்ந்தவள்; அவர் பொத்தவில்லை. என் பல்லையும் பார்த்துவிட்டு, "மாஜி" என்று மலைப்பக்கம் கை காட்டினார். மாஜி என்றால் தண்ணீர்.

தான்சானியா வந்த முதல் வாரம், மலையின் பெயர் மேரு என்றதும் அம்மா போனில், "சிவன் வில்லா வளைச்ச மலையாடி?" என்றாள். அது வேறு, இது எரிமலை. 4,562 மீட்டர். ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்குப் பக்கம் அப்படியே சரிந்துபோக, உச்சி குதிரை லாடம் போலத் திறந்து கிடக்கிறது. நடுவில் சாம்பல் குவிந்த ஒரு கூம்பு. 1910-இல் லேசாக வெடித்ததோடு சரி, தூங்குகிறது.

தூங்கினாலும் அதன் பாறை தண்ணீரில் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த எரிமலைக் குழம்பில் சோடியமும், பல்லில் கறை ஏற்றும் ஃப்ளோரைடும் அதிகம். சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்து வைக்கும்; இங்கே அது குறைவு. அதனால் ஊற்று, கிணறு எல்லாவற்றிலும் இறங்கிவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். தர்மபுரியில் எரிமலை இல்லை. பழங்காலத்துக் கெட்டிப் பாறையும் ஆழ்துளைக் கிணறும் எங்களுக்கு அதே வேலையைச் செய்தன. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது எங்களுக்குப் பல் முளைத்து முடிந்திருந்தது. எனாமல் உருவாகும் வயதிலேயே படியும் கறை அது. "பல்லே விளக்குறதில்லையா?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டது இன்னும் ஆறவில்லை.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. கேன் தண்ணீர், மாலையில் மேகம் விலகினால் தெரியும் உச்சி, எல்லாம். ஆனால் தகரக் கூரையில் மழை விழுந்தால் போதும், முற்றத்தில் அண்டாவை இழுத்து வைக்கும் அம்மாவின் சத்தம் கேட்கிறது. மழைத் தண்ணீரில் ஃப்ளோரைடு இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பருப்பு நன்றாக வேகும் என்றுதான் பிடித்தோம்.

அக்காவின் மகனுக்கு இரண்டு வயது. மார்ச்சில் பெருமழை தொடங்கும். அதற்குள் அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு டிரம் வைத்துவிட வேண்டும்.