சைடர் என்றால் சாறா, மதுவா?

கொழும்பு சுப்பர்மார்க்கெட்டில் 'அப்பிள் சைடர்' என்று கண்டதும் வினாகிரி என்றே எடுத்துவிடுகிறோம். லேபலை முழுக்க வாசியுங்கள். பிரிட்டனில் சைடர் என்றால் புளித்த அப்பிள் மது. அமெரிக்காவில் வடிகட்டாத கலங்கல் சாறுக்கே அந்தப் பெயர். வெறிக்கிற வகை அங்கே 'ஹார்ட் சைடர்'.

இத்தனைக்கும் ஆதியில் இந்தச் சொல்லில் அப்பிளே கிடையாது. எபிரேயத்தில் 'ஷேகார்', வெறியூட்டும் எந்தப் பானமும். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'சிகெரா'; பைபிளில் லூக்கா 1:15இல் திராட்சரசத்துக்குப் பக்கத்தில் நிற்பது இதுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பாதையில்தான் அப்பிள் ஒட்டிக்கொண்டது.

வினாகிரிக்கு வருவோம். சாற்றின் சீனியை ஈஸ்ட் மதுவாக்கும், காற்றுப்பட்டால் பக்டீரியா அதை அசெட்டிக் அமிலமாக்கும். நம் தென்னங்கள்ளு வினாகிரியும் இதே வழிதான். மேலே மிதக்கும் அல்லது அடியில் படியும் சவ்வு பழுதல்ல, அந்தப் பக்டீரியாக் கூட்டம். லேபலில் அமிலம் 5% என்றிருந்தால் அச்சாறுக்குத் தென்னங்கள்ளு வினாகிரி ஊற்றும் அதே அளவு போதும். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், அரிக்கும். குடிப்பதானால் ஒரு மேசைக்கரண்டிக்கு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். தனியே குடித்துவந்தால் பல் எனாமல் அரிபடும்.