சாலாங் வழியே திரும்பிய படை

1988 ஏப்ரல் 14, ஜெனீவாவில் ஆப்கான் ஒப்பந்தம் கையெழுத்து. மே 15-ல் சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆகஸ்ட் 15-க்குள் பாதி போயிருக்க வேண்டும். 1989 பிப்ரவரி 15-க்குப் பிறகு ஒருவரும் இருக்கக் கூடாது. ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகம். தரைவழி என்று பார்த்தால் இரண்டுதான். மேற்கே காந்தஹார், ஷிந்தாந்த், ஹெராத் வழியாக சோவியத் எல்லை ஊரான குஷ்கா. கிழக்கே காபூல், சாலாங் கணவாய், எல்லை ஆறான அமு தரியா மேல் ஹைரத்தான் பாலம், சோவியத் அக்கரையில் தெர்மெஸ்.

தொலைவில் இருந்த முகாம்கள்தான் முதலில் காலியாயின: ஜலாலாபாத், கஜினி, கார்டெஸ், காந்தஹார். சாலையோரக் காவல் சாவடிகளைக் கடைசிவரை தொடக் கூடாது, அவற்றை முன்னதாகவே எடுத்தால் பின்னால் வரும் வண்டிகளுக்குக் காவல் இருக்காது. கடைசி அணி ஒரு சாவடியைத் தாண்டிய பிறகே அங்கிருந்தவர்கள் அந்த இடத்தை ஆப்கான் ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு அணியோடு சேர்ந்துகொள்வார்கள். பாயைச் சுருட்டுவது போன்ற வேலை இது.

சிக்கல் ஒப்படைப்பில் இருந்தது. மூன்று மாதத்துக்கான குண்டும் உணவும் வைத்துக் கணக்கெழுதிக் கொடுத்தாலும், அந்த இடத்தில் நின்று காக்க ஆள் வேண்டுமே! ஆகஸ்டில் சோவியத் படை குந்தூஸை விட்டுப் போனதுமே நகரம் காபூல் அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர் கையில் விழுந்தது. சோவியத் விமானங்களின் துணையோடுதான் அதை மீட்க முடிந்தது.

நவம்பரில் விலகலை நிறுத்தி வைத்தார்கள். இரண்டாம் பாதி நடுக்குளிரில் போக நேர்ந்ததற்கு அதுதான் காரணம், என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுவே. சாலாங் சுரங்கப்பாதை 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, நீளம் சுமார் 2.7 கி.மீ. உள்ளே ஒரு லாரி நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். குளிருக்குப் பயந்து யாரும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள், புகை வெளியேற வழியிருக்காது. 1982 நவம்பரில் உள்ளே பலர் மாண்டது இப்படித்தான். வெளியே வந்தால் உறைபனி. இரும்புச் சங்கிலி பூண்ட கவச வண்டிகள் அதில் வழுக்கும். பனிச்சரிவு இன்னொரு பக்கம். அதனால் இழுவை வண்டியும் பழுதுபார்ப்பவர்களும் அணியின் கடைசியில்தான் வருவார்கள். பழுதான வண்டியை இழுத்துப் போவார்கள், முடியாவிட்டால் பாதையை விட்டுத் தள்ளிவிடுவார்கள்.

சாலாங் பக்கம் கிளர்ச்சித் தளபதி அகமது ஷா மசூதின் ஆட்கள் போகிறவர்களைப் பெரும்பாலும் தடுக்கவில்லை. ஆனாலும் காபூல் அரசு வற்புறுத்தியதால் 1989 ஜனவரி 23 முதல் அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்கள்மேல் சோவியத் பீரங்கியும் விமானமும் குண்டு பொழிந்தன. வீடு திரும்பும் வழியில் இருந்த ஊர்கள் அவை. குடிமக்கள் செத்தார்கள். எந்த ராணுவக் கணக்கிலும் இதற்கு நியாயம் கிடையாது.

பிப்ரவரி 15 அன்று சோவியத் படைத் தளபதி போரிஸ் குரோமோவ் ஹைரத்தான் பாலத்தைக் கடந்தார். காபூல் உடனே விழுந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். விழவில்லை. மார்ச்சில் ஜலாலாபாத் மீது கிளர்ச்சியாளர் நடத்திய பெருந்தாக்குதலை ஆப்கான் ராணுவம் தனியாகவே தாங்கி நின்றது. எரிபொருள், கோதுமை, ஆயுதம் எல்லாம் சோவியத் நாட்டிலிருந்து லாரியிலும் விமானத்திலும் வந்துகொண்டிருந்த வரைக்கும் ஆப்கான் அதிபர் நஜிபுல்லா நின்றார். 1992 ஜனவரி 1 முதல் ஆயுதம் வருவது நின்றது. அந்த ஜனவரியிலேயே ஹைரத்தான் தளபதி மோமின் காபூலின் உத்தரவுக்குப் பணிய மறுத்தார். பாலத்தடிக் கிடங்குகள் அவர் கையில் இருந்தன. ஏப்ரலில் நஜிபுல்லா பதவி இழந்தார்.