சத்தமாகப் படிக்கும் வீடு

நவம்பரில் மகளின் முன்னேற்ற அறிக்கை வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பாடங்களோடு சேர்த்துப் பிள்ளையின் கற்றல் பழக்கங்கள் ஆறையும் எடைபோட்டு எழுதுவார்கள். சுயகட்டுப்பாடு என்ற கட்டத்தில் 'N' என்ற ஆங்கில எழுத்து. அதாவது, இன்னும் முன்னேற வேண்டும். மகள் நாலாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. அந்த ஒற்றை எழுத்து எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அமைதியான தனி இடம் கொடுங்கள் என்று ஆசிரியை அன்பாகத்தான் சொன்னார். கொடுத்தோம். கதவைச் சாத்தினால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால் குரோம்புக் மடிக்கணினியில் பூனை வரைந்துகொண்டிருப்பாள். அழகான பூனை!

யாழ்ப்பாணத்தில் 1990இல் போரால் போன மின்சாரம் நாங்கள் படித்த காலம் முழுக்க வரவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், ஒரு நூல்திரி. அந்த வெளிச்சத்தைச் சுற்றி அண்ணா, அக்கா, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். எல்லாருமே வாய்விட்டுத்தான் படிப்போம். அண்ணாவின் விலங்கியல் பாதி எனக்கும் பாடம். குரல் நின்றால் குசினியிலிருந்து அம்மா கேட்பா: "என்ன, சத்தத்தைக் காணேல்லை?" அந்த நாட்களின் பயத்தையும் கண்ணெரிச்சலையும் எந்தப் பிள்ளைக்கும் நான் விரும்பமாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் யாருடைய கவனமும் சிதறியதாக நினைவில்லை.

ஸ்கார்பரோவில் டிசம்பர் வந்தால் ஐந்து மணிக்கே இருட்டு. மகளைச் சமையலறை மேசைக்குக் கூட்டிவந்து, பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "அம்மா, எங்கட வகுப்பில ஒருத்தரும் இப்பிடிப் படிக்கிறேல்லை" என்றாள். வாட்டர்லூ பல்கலைக்கழகம் எங்கள் மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கே கொலின் மெக்லியோடும் கூட்டாளிகளும் 2010இல் எழுதிய ஆய்வை எடுத்துக் காட்டினேன். மனதுக்குள் வாசித்த சொற்களைவிட வாய்விட்டு வாசித்த சொற்கள் நன்றாக நினைவில் நிற்கின்றனவாம். எங்கள் அம்மாமார் ஆய்வு இல்லாமலே அதைச் செய்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

மற்றதெல்லாம் சின்ன ஏற்பாடுகள். 2024 செப்டெம்பரிலிருந்து ஆறாம் வகுப்பு வரையான பிள்ளைகள் பள்ளியில் நாள் முழுக்கக் கைபேசியைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்பது மாகாண விதி. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தோம். அவள் படிக்கும் நேரத்தில் எங்கள் கைபேசிகளும் லாச்சிக்குள். ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில் நாலாம் வகுப்புக்கு 40 நிமிடம் வீட்டுப் படிப்பு. அப்புறம் புத்தகத்தை மூடிவிட வேண்டும், பிள்ளை கெஞ்சினாலும்.

இப்போது அவளுக்குப் பிரெஞ்சு தொடங்கியிருக்கிறது. நான் வெங்காயம் வெட்டும்போது ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைக்கிறாள். நான் நிறுத்தினால், "அம்மா, சத்தத்தைக் காணேல்லை!" என்று அதட்டுகிறாள்.