காசிமேட்டு நெத்திலியும் கேழ்வரகுக் கூழும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு நான் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து, எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய அன்பை மதிக்கிறேன்; ஆனால் உணவே இந்நோயைக் குணப்படுத்திவிடும் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஆரம்ப நிலை நோயாளிகள் 478 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், காய்கறிகளை அதிகமாக உண்டவர்களுக்கும் நோய் வளரும் வேகம் குறையவில்லை.

பிறகு உணவில் கவனம் எதற்கு என்றால், சிகிச்சையைத் தாங்கும் உடம்புக்காகத்தான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைக்கும் இந்த ஊசி எலும்பையும் தசையையும் மெலியச் செய்து, வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கிறது. ஆகவே காலையில் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு விலை கேட்டு நிற்பதைவிட நெத்திலி வாங்குவதே எனக்கு உகந்தது. தலையைக் கிள்ளி, குடலை நீக்கி, முள்ளோடு மண்சட்டியில் என் மனைவி வைக்கும் குழம்பில் புரதமும் கால்சியமும் ஒருசேரக் கிடைக்கின்றன. எண்ணெயில் வதங்கிய தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனும் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. கருவாட்டை மட்டும் உப்புக்கு அஞ்சிக் குறைத்துவிட்டேன்.

வைட்டமின் ஈ மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. 2011இல் வெளியான பெரிய ஆய்வில், நலமாக இருந்து அதைத் தினமும் உட்கொண்ட ஆண்களிடம் இந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கால்சியம் மாத்திரையைக்கூட, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொன்ன அளவில்தான் எடுத்துக்கொள்கிறேன்.